‘உள்ளே’ என்றால் எங்கே என்று கேட்டவருக்கு

முப்பத்தோராண்டு முதுகு வலித்தும் முகம் சுளிக்காமல் உழைத்து, இன்று பணி ஓய்வு பெறும் முதுநிலை ஆய்வக நுட்பநரே! பாலக்கரையின் பெருமையே! கருப்பைவாய்ப் புற்றுநோய்க்குக் காரணமான, கண்ணுக்குத் தெரியாத வைரஸைக் கருவியால் தேடிய நாளிலும், கருவிக்குத் தெரியாததைக் கண்ணால் பிடித்த கெட்டிக்காரரே! எங்கள் லூர்துராணி அக்காவே, வணக்கம்!

பொறுமையின் சிகரம் என்று உங்களைச் சொன்னால் இந்த அரங்கமே சிரிக்கும். லேபிளைக் கோணலாக ஒட்டிய எவரும் உங்கள் வாயிலிருந்து தப்பியதில்லை. ஆகவே இல்லாத குணங்களை அடுக்காமல், நடந்த ஒன்றைச் சபைக்குச் சொல்கிறோம். சற்று உட்கார்ந்து கேளுங்கள், அக்கா. நடுவில் திருத்தம் சொல்லாதீர்கள்.

இரண்டாண்டுக்கு முன் திருவெள்ளறைப் பக்கத்து முகாம் ஒன்றிலிருந்து நாற்பத்திரண்டு குழாய்கள் வந்தன. முப்பது வயது கடந்த பெண்கள் தாங்களே குச்சியால் மாதிரி எடுத்துத் தரும் முறை அப்போதுதான் நம்மிடம் வந்திருந்தது. மனித செல் இருக்கிறது, வைரஸ் இல்லை என்று நாற்பத்திரண்டுக்கும் ஒரே முடிவைச் சொன்னது கருவி. அக்கா கையெழுத்துப் போட வேண்டியதுதான் பாக்கி. போட்டால் ஐந்தாண்டுக்கு அந்தப் பெண்கள் இந்தப் பக்கம் எட்டிப் பார்க்க மாட்டார்கள்.

அக்காவுக்குப் பேனா நகரவில்லை. ஏழு குழாய்களில் திரவம் சிவந்திருந்தது. இரத்தச் சிவப்பு அவருக்கு அத்துப்படி, இது அதுவல்ல. வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். அடியில் பாக்குத் தூள்! சித்தாள் வேலை பார்த்து, பசியை அடக்கப் பொழுதெல்லாம் வெற்றிலை மென்ற தாய்க்குப் பிறந்தவர் அவர். அந்தக் கறையைச் சேலையிலிருந்து அடித்துத் துவைத்த கை அவருடைய கை. நேரே துறைத்தலைவர் ராஜகோபாலன் டாக்டரிடம் போய் நின்றார்.

“சார், இது கீழ எடுத்ததில்ல. வாயில எடுத்தது.”

“மெஷினே பாஸ் பண்ணிடுத்தேம்மா!”

“செல்லு இருக்கான்னுதான் மெஷின் பாக்கும். எந்த ஊரு செல்லுன்னு அதுக்கென்ன சார் தெரியும்?”

“சரி, அந்த ஏழு குழாயை மட்டும் நிறுத்திடலாமே?”

“வெத்தல போட்ட ஏழு பேரு மாட்டிக்கிட்டாங்க. போடாதவங்க குழாய்ல சாயமா தெரியும்? நாப்பத்திரண்டையும் திரும்ப எடுக்கணும்.”

மாத அறிக்கை மறுநாள் போக வேண்டும். டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “மேலிடத்துக்கு என்னன்னு எழுதறது?”

“வாயின்னு எழுதுங்க சார்.”

எழுதினார். அந்தத் துணிவுக்காக அவருக்கும் நன்றி.

மறுநாள் முதல் பஸ்ஸில் அக்கா கிளம்பினார். பெண்கள் நடவில் இருந்தார்கள். வரப்பில் நின்றபடியே கேட்டார்: “ஏம்மா, குச்சிய எங்க விட்டீங்க?”

“கொரோனாவுக்கு விட்டாப்ல வாயிலதான்,” என்றார் மருதாயி. தம் பெயரை இங்கே சொல்லச் சொன்னவர் அவரே. “முகாமுக்கு வந்த நர்சுப் பிள்ள ‘உள்ள விட்டுச் சுத்துங்க’ன்னுச்சு. எந்த உள்ளன்னு கேக்கலாம்னா பக்கத்துல ஆம்பளைங்க நிக்கிறாங்க.”

“பிள்ள பெத்த வழியிலம்மா! அங்கதான் இந்த நோவு வரும்.”

வயலே சிரித்தது. “அத அன்னைக்கே சொல்லியிருந்தா என்னவாம்? நாங்க என்ன பெறாதவளுகளா?”

அந்தப் பிள்ளையைக் குறை சொல்ல எங்களுக்கு வாயில்லை. நாங்கள் அச்சடித்த தாளிலும் ‘உட்பகுதி’ என்றுதான் இருந்தது. படித்தவர்களின் வெட்கம் நாற்பத்திரண்டு பேரைப் பணயம் வைத்திருந்தது. அக்கா அந்தச் சொல்லை அன்றே அடித்துத் திருத்தினார்.

மறுபடி எடுத்ததில் நால்வருக்கு வைரஸ் இருந்தது. மூவருக்குத் தொடர்ந்து கவனித்தாலே போதும் என்றார்கள். மருதாயிக்குக் கருப்பைவாயில் செல்கள் மாறத் தொடங்கியிருந்தன, புற்றாகவில்லை. சூடு வைத்துச் சிகிச்சை செய்து அன்று மாலையே வீட்டுக்கு அனுப்பினார்கள். ஓராண்டு கழித்து மறுபரிசோதனை. அன்று அக்கா சாப்பிடக்கூட எழுந்திருக்கவில்லை. முடிவு வந்ததும் போனை எடுத்தார்.

“வைரஸ் இல்லம்மா.”

“இப்பவாச்சும் சரியான எடத்துல எடுத்தீங்களா?” என்று மருதாயி கேட்டது எங்களுக்கெல்லாம் கேட்டது. அக்கா இவ்வளவு உரக்கச் சிரித்து நாங்கள் பார்த்ததில்லை.

அக்கா! மூட்டுவலி விலகி, மருந்துச் சீட்டு சுருங்கி, பிடித்ததைச் சமைத்து, பிடிக்காததைத் திட்டி, நூறாண்டு நலமோடு வாழுங்கள்! திட்ட ஆள் கிடைக்காத நாளில் இங்கே வாருங்கள், நாங்கள் இருக்கிறோம்.

இப்படிக்கு,
ஆய்வகப் பணியாளர்கள்

எங்களோடு கையெழுத்திடக் காலை பஸ்ஸில் வந்திறங்கிய நடவுப் பெண்கள்,
நாற்பத்திரண்டு பேரும்.