பாதம் கழுவியதற்குக் கைம்மாறு

இரவு ஒன்பதே முக்கால் மணி. கொற்கைப் பக்கத்து ஆத்தூரைத் தாண்டிக் கடலை நோக்கிக் கிளைக்கும் உப்பளச் சாலை. இருபுறமும் பாத்திகள்... தண்ணீர் அசையாமல் கிடக்கிறது. விளக்கு இல்லை. வீடு இல்லை. அந்தச் சாலையில் ஒரு வாடகைக் கார் போகிறது. பின்னிருக்கையில் ஓர் இளம்பெண், மூக்கில் கைக்குட்டையை அழுத்தியபடி.

"என்னா நாத்தம் இது, அங்கிள்? ஏதோ செத்துக் கிடக்கு."

ஓட்டுநர் மாசானம் கண்ணாடியை இறக்கி மோந்து பார்த்தார்.

"நாத்தமா? எனக்கு ஒண்ணும் அடிக்கலியேம்மா. உப்புக் காத்து, அம்புட்டுதான்."

அவர் பொய் சொல்லவில்லை. அவருக்கு அது எட்டவில்லை...

நெருங்கி உட்காருங்கள். இது நான் கண்டதன்று. என் நண்பர் இனிகோவின் கொழுந்தியாள் மகளுக்கு நேர்ந்தது. அவள் பெயர் ஈவாஞ்சலின். பிறந்து வளர்ந்தது மலேசியாவில், ஈப்போ நகரத்தில். நெடுங்காலம் பிள்ளையில்லாமலிருந்த தாய், பிறக்கும் பிள்ளையை ஊழியத்துக்கே தருவதாகப் பொருத்தனை செய்து பெற்ற மகள் அவள். அந்தப் பொருத்தனையை நிறைவேற்றத்தான் கடல் கடந்து, நம் கரையிலுள்ள ஒரு மிஷனரிப் பயிற்சிப் பள்ளிக்கு வந்தாள். பள்ளியின் பெயர் வேண்டாம்.

பக்தியில் குறையில்லை. வேதத்தைத் திறவாமலே அதிகாரம் அதிகாரமாகச் சொல்லுவாள். பழங்கீர்த்தனைகளை இராகம் பிசகாமல் பாடுவாள். அவளிடம் இருந்த குறை ஒன்றே... அருவருப்பு.

விடியுமுன் மணி அடிக்கும். எழுந்து, பாடி, ஜெபித்து, பிறகு முறைவேலை. சாக்கடை தள்ளுதல், கழிப்பறை கழுவுதல், மீன் ஆய்தல். குடிக்க எல்லாருக்கும் ஒரே செம்பு. கிணற்று நீரில் உவர்ப்பு. தட்டில் கருவாடு, கருவாட்டின்மேல் ஈ. அவளோ எந்நேரமும் கோடாலித் தைலத்தைக் கைக்குட்டையில் தடவி முகர்ந்துகொண்டே நடந்தாள். அவளுடைய அறைத்தோழி ஹில்டா, திரேஸ்புரத்துக் கடற்கரைப் பெண், நாக்கில் பல் உள்ளவள்.

"ஏளா மலேசியாக்காரி, கருவாட்டப் பாத்து மூஞ்சியச் சுழிக்கியே, நீ எப்படிளா ஆத்தும ஆதாயம் பண்ணுவ? ஆத்துமா என்ன, சென்ட் போட்டுக்கிட்டா வரும்?"

"கிண்டல் பண்ணாதீங்க லா. என்னால முடியல."

"முடியாதுதான். எனக்கே ஒன் தைல நாத்தம்தான் முடியல."

ஒருநாள் ஊர்வீடுகளைச் சந்தித்து ஜெபிக்கப் போனார்கள். படுத்த படுக்கையாய்க் கிடந்த ஒரு மூதாட்டியின் முதுகுப் புண்ணைத் துடைக்க வேண்டும். துணியை விலக்கினாள் ஈவாஞ்சலின்... விலக்கியவள் வெளியே ஓடி, வாசலிலேயே வாந்தி எடுத்தாள். அந்த மூதாட்டி கட்டிலில் கிடந்தபடி, "பிள்ளைக்குத் தண்ணி குடுங்க" என்றாளாம்.

அன்று மாலை பள்ளித் தலைவி ஜெனிஸ் அக்கா அவளை அழைத்தார். குரல் உயரவில்லை.

"அருவருக்கிறவளுக்கு இங்க வேலையில்லம்மா. இந்த மாசத்துக்குள்ள மாறிக்காட்டு. இல்லன்னா நானே டிக்கெட் எடுத்துத் தாரேன், அம்மாகிட்டப் போயிரு."

பொருத்தனைப் பிள்ளை திரும்பிப் போவதா? அவள் அன்றிரவு முழங்காலில் நின்று கேட்டது ஒன்றுதான். எது என் கையில் வந்தாலும் நான் கையை இழுக்காதிருக்க வேண்டும்.

இப்போது அந்தப் பள்ளியின் வழக்கம் ஒன்றைச் சொல்லவேண்டும். ஆண்டவர் தம் சீடர்களுடைய பாதங்களைக் கழுவினார் அல்லவா? அதைச் சனிக்கிழமைதோறும் அங்கே செய்வார்கள். ஆராதனைக் கூடத்தில் விளக்கை அணைத்துவிடுவார்கள். பாதிப்பேர் சுவரோரப் பலகையில் உட்காருவார்கள். பாதிப்பேர் முன்னே முழங்காலிடுவார்கள். பேசக்கூடாது. கழுவித் துடைத்து, அந்தப் பாதத்தின்மேல் நெற்றியை வைத்து ஜெபிக்க வேண்டும். மறுவாரம் முறை மாறும். யார் காலை நீ கழுவினாயோ, அவர் வந்து உன் காலைக் கழுவுவார். ஈவாஞ்சலினுக்கு எதிரிடம் எப்போதும் ஹில்டாவினுடையது. பலகையின் கடைக்கோடி.

அந்தச் சனிக்கிழமை...

வாசற்பக்கம் உட்கார்ந்திருக்கிற செந்தில்முருகா, கதவைச் சார்த்திவிட்டு வா. கொசு வருகிறது என்று சொல். பயம் என்று சொல்லாதே.

அந்தச் சனிக்கிழமை விளக்கு அணைந்தது. தட்டுத்தடுமாறித் தன் இடத்துக்குப் போய் முழங்காலிட்டாள். தண்ணீர்ப் பேசினை இழுத்துவைத்தாள். எதிரே கால் காத்திருந்தது. தொட்டாள்.

சில்லென்றிருந்தது. மீன் பெட்டியின் அடியில் கை விட்டாற்போல. குதிகால்... நீரில் ஊறிய ரொட்டிபோல் இளகிக் கிடந்தது. விரல் அழுத்திய இடம் குழிந்தது. குழிந்தது மீண்டும் மேலெழவில்லை. அப்போது அந்த நாற்றம் வந்தது. வந்த இரவு உப்பளச் சாலையில் அவள் ஒருத்திக்கு மட்டும் அடித்த அதே நாற்றம்.

வாய்வரை வந்த வாந்தியைச் சத்தமில்லாமல் விழுங்கினாள்.

ஹில்டாவுக்கு ஏதோ நோய், பாவம், எல்லாரையும் கேலிபேசி இதை மறைத்துத் திரிகிறாள் என்று எண்ணிக்கொண்டாள். எண்ணியவுடன் மனம் இரங்கிற்று. நீரை அள்ளி ஊற்றினாள். புறங்காலைத் தேய்த்தாள். தோல் கையோடு வந்தது... ஈரக் காலுறை கழலுவதுபோல, கணுக்காலிலிருந்து மெல்ல. அதை மெல்ல மேலே தள்ளி, பழைய இடத்தில் சேர்த்தாள். விரலிடுக்குகளைக் கழுவினாள். ஒவ்வோர் இடுக்கிலும் அரிசி போன்றவை நெளிந்தன. பெருவிரலுக்கும் அடுத்த விரலுக்கும் நடுவில் மட்டும் தோல் காய்த்து, ஆழமாக ஒரு தடம். கயிறு கிடந்து அறுத்த தடம்.

கையை இழுக்கவில்லை. துடைத்தாள். குனிந்து நெற்றியை வைத்தாள். ஜெபித்தாள்.

கண்ணை மூடியிருந்தபோதே விளக்கு வந்துவிட்டது. நிமிர்ந்தாள். எதிரே பலகை வெறுமையாக இருந்தது. ஹில்டா வெட்கப்பட்டு முன்னே போய்விட்டாள் என்று நினைத்து அறைக்கு விரைந்தாள்.

ஹில்டா போர்வைக்குள் சுருண்டு கிடந்தாள்.

"அக்கா, எனக்கு அருவருப்பு வரல. நெசமா வரல. உங்க காலுக்கு மருந்து பார்க்கலாம்."

"எந்தக் காலுக்கு? ஏளா, என்ன ஒளறுத?"

"இப்போ கழுவினேனே..."

"நான் எங்கன வந்தேன்? காய்ச்சலு. சாயங்காலமே மாத்திரையப் போட்டுட்டுப் படுத்தவ."

ஈவாஞ்சலின் போர்வையை உயர்த்திப் பார்த்தாள். காய்ந்த, சுத்தமான, சூடான கால்கள். பள்ளியில் கூடாதென்று விலக்கிய நகப்பூச்சு, ஊதா நிறத்தில், பத்து விரலிலும்.

"ஜெனிஸ் அக்காட்ட சொல்லிராத, என்ன?" என்றாள் ஹில்டா.

கொற்கை முத்தைப் பாடாத பழம்புலவர் அருமை. ஒளியைப் பாடினார்கள், நீர்மையைப் பாடினார்கள். நாற்றத்தைப் பாடியவரை நான் கண்டதில்லை. முத்தை எடுத்த முறை என்ன? மலைபோல் வந்து குவியும் சிப்பியை ஒவ்வொன்றாகத் திறக்க முடியுமா? கரையில் வேலி கட்டிக் கொட்டி, வெயிலில் அழுகவிட்டார்கள். ஈ மொய்த்தது. புழு வைத்தது. சதையைப் புழு தின்று தீர்த்தபின், மிஞ்சிய கூழைத் தோணியில் இட்டுக் கழுவினார்கள். அடியில் தங்கியதை அரசியர் கழுத்தில் அணிந்தார்கள். அந்தச் சிப்பிகளை எடுக்க மூழ்கியவர்கள், கல்லைக் கட்டிய கயிற்றை வலக்கால் விரல்களுக்கு இடையே இடுக்கிக்கொண்டு இறங்குவார்கள். கல் இழுக்கும், ஆள் போவான். மேலே வராதவர்களும் உண்டு. அந்தப் பள்ளியின் தோட்டத்தில் எங்கே மண்வெட்டி போட்டாலும் சிப்பி ஓடுதான். இவ்வளவுதான் எனக்குத் தெரியும். இதற்கும் அதற்கும் தொடர்புண்டா என்று என்னைக் கேட்காதீர்கள்.

அந்த வாரம் முழுதும் அவள் வலக்கையால் சோறு உண்ணவில்லை. எலுமிச்சையிட்டுத் தேய்த்தாள்; புளியிட்டுத் தேய்த்தாள். கரண்டியால் உண்டாள். அதைவிட அவளை வதைத்தது வேறு. வருகிற சனிக்கிழமை முறை மாறும். அவள் உட்காரவேண்டும். கழுவப்பட்டவர் வந்து கழுவவேண்டும்.

ஜெனிஸ் அக்காவிடம் போய், இடத்தை மாற்றித் தரும்படி கேட்டாள்.

"போன வாரம் ஒன் பக்கத்துல நின்னுதான் கேட்டேன். ஒரு ஓங்கரிப்புச் சத்தம் இல்ல. கடேசி வரைக்கும் நெத்திய எடுக்கல. ஸ்தோத்திரம்னு நெனச்சேன். இப்பம் ஏன் பின்வாங்குத?"

அவள் அறைக்குத் திரும்பினாள்.

ஹில்டாதான் தேற்றினாள். "காய்ச்சல் விட்டுட்டுல்லா? நான்தான வந்து கழுவப்போறேன். பேசாம உக்காரு. ஒங்காலு நாறாம இருந்தாச் சரி."

சனிக்கிழமை. விளக்கு அணைந்தது. பலகையின் கடைக்கோடியில் ஈவாஞ்சலின் உட்கார்ந்திருந்தாள். வரிசை நெடுக நீரின் சலசலப்பு. அவள் முன்னே யாரோ முழங்காலிடும் அசைவு. இரண்டு கைகள் அவளுடைய வலக்காலைத் தூக்கின.

குளிர்ந்த கைகள். தண்ணீர் குளிர்ச்சி என்று நினைத்துக்கொண்டாள்... ஹில்டாதான். ஹில்டாதான்.

அப்போது கூடத்தின் மறுகோடியில், வாசலருகே, ஹில்டா இருமினாள். நேரம் தப்பி வந்து, கிடைத்த இடத்தில் முழங்காலிட்டிருந்தாள்.

காலை இழுத்துக்கொண்டிருக்கலாம். கூச்சலிட்டிருக்கலாம். இருளில் ஜெனிஸ் அக்கா எங்கோ நின்று கேட்டுக்கொண்டிருக்கிறார். மாதம் முடிய இரண்டு நாள். தாயின் பொருத்தனை. பல்லைக் கடித்துக்கொண்டு காலை அப்படியே கொடுத்தாள்.

அந்தக் கைகளோ பதறவில்லை. அன்போடு கழுவின... அதுதான் அவளால் தாங்கமுடியாதது என்று பின்னால் சொன்னாள். குதிகால், புறங்கால், ஒவ்வொரு விரலிடுக்கு. ஒவ்வொன்றாக, பொறுமையாக. சதைக்கூழ் போன்ற ஏதோ வழிந்து கணுக்காலில் தங்கியது. நாற்றம் வாய்க்குள் சுவையாக இறங்கிற்று. பிறகு, ஈரமும் சொரசொரப்புமாக ஒன்றைப் பெருவிரலுக்கும் அடுத்த விரலுக்கும் நடுவே வைத்து, குழந்தையின் கையில் காசை வைத்து மூடுவதுபோல, அவள் விரல்களை அதன்மேல் மடக்கிவிட்டன.

ஒரு நெற்றி அவள் பாதத்தின்மேல் படிந்தது. சிறிது நேரம்.

பின் கீழிருந்து ஒரே ஒரு சுண்டியிழுப்பு. கயிறு முறுக்கேறும் ஓசை... அவ்வளவுதான்.

விளக்கு வந்தபோது முன்னே யாரும் இல்லை. தண்ணீர்ப் பேசின்கூட இல்லை. தரைமட்டும் நனைந்திருந்தது.

ஜெனிஸ் அக்கா அவள் தலையில் கைவைத்து ஆசீர்வதித்தார். தேறிவிட்டாள். பணித்தளம் போகுமுன் பெற்றோரைப் பார்த்து வர விடுமுறையும் கொடுத்து அனுப்பினார்கள். பொருத்தனையைக் காப்பாற்றிய மகளைத் தாய் விமான நிலையத்திலேயே கட்டிக்கொண்டு அழுதாளாம்.

ஈப்போவில் அவர்கள் வீடு மலையடியில் இருக்கிறது. கடல் கண்ணுக்குத் தெரியாது. போன முதல் வாரமே தாய் கண்டுபிடித்தாள். காலையில் எழுந்தால் மகளுடைய கட்டில் மேற்குச் சுவரை நோக்கிச் சற்று நகர்ந்திருக்கிறது. கால்மாட்டில் ஈரம். விரிப்பைத் துவைக்கத் துவைக்கப் போகாத நாற்றம். மேற்கில்தானே நம் கரை?

தந்தை பொறுத்துப் பார்த்தார். பிறகு இரும்புக் கொக்கிகள் வாங்கி வந்து, கட்டிலின் நான்கு கால்களையும் தரையோடு இறுக்கி ஆணியடித்தார். அன்றுமுதல் கட்டில் நகரவில்லை. கால்மாட்டு ஈரம்மட்டும் நிற்கவில்லை.

போன மாதம் இனிகோ அங்கே போயிருந்தார். சிரித்து நன்றாகப் பேசினாளாம். தேநீர் எடுத்துவர எழுந்தாள். சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள்... வலப்பாதம் தரையில் முழுதும் பதிந்திருந்தது. இடப்பாதம் தரையை எட்டவில்லை. நான்கு விரற்கடை.