எழுதியவர் என்ற நிரல்

கணினிக்குள் எந்தக் கோப்பு எங்கே கிடக்கிறது என்று பட்டியலிட்டு அச்சடிக்க ஒரு மென்பொருள் உண்டு, ஐயா. நீங்களும் ஒன்று வாங்கி வைக்கலாம். உங்கள் மேசையைப் பார்த்துத்தான் சொல்கிறேன், குறை நினைக்காதீர்கள்.

ஓர்ஸ் ஹில்லில் எங்கள் கந்தோரின் வேலை, காணாமல் போனவர்களின் வீட்டார் சொல்வதைப் பதிவது. தட்டச்சு செய்பவள் அன்னலட்சுமி; சாம்பல்தீவிலிருந்து பஸ்ஸில் வருவாள். கணினிகளைப் பார்ப்பவன் நான். பொறுப்பாளர் குலசிங்கம். அந்த மனுசனுக்கு மவுசைப் பிடிக்கவே தெரியாது.

அன்னலட்சுமி ஒரே வாக்குமூலத்தை மூன்று கோப்புறைகளில் போட்டுவைப்பாள். ‘கடைசி’, ‘கடைசி 2’, ‘உண்மையான கடைசி’. படித்த பெண் வைக்கிற பெயரா இது? பட்டியலை அச்சடித்து, பிழைகளைச் சிவப்பில் வட்டமிட்டு அவள் மேசையில் வைத்தேன். அவள் அதன்மேல் வடையை வைத்துச் சாப்பிட்டாள்.

“தம்பி, தாய்மார் அழுதழுது சொல்லேக்க பைலுக்குப் பேர் யோசிக்க ஏலாது. அடுக்கிறது உங்கட வேலைதானே, அடுக்குங்கோ.”

கந்தோரே சிரித்தது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

இரண்டாயிரத்து ஏழில், சண்டை உச்சத்தில் இருந்தபோது, மோட்டார் சைக்கிள்களில் சிலர் வந்தார்கள். யார் என்று நாங்கள் கேட்கவில்லை. அந்த நாட்களில் கேட்பதில்லை.

“இதுகளை எழுதிறது ஆர்?”

“ஆர் எண்டில்லை, எல்லாரும்தான் எழுதிறனாங்கள்,” என்றார் குலசிங்கம்.

அப்படியென்றால் கணினியில் உள்ளவற்றின் பட்டியலாவது வேண்டும் என்றார்கள். அவர் என்னைத் தேத்தண்ணி போடும் குசினிப் பக்கம் தனியே கூட்டிப்போனார்.

“பைல் பேரை மட்டும் அடிச்சுக் குடுங்கோ தம்பி. அதில ஒருத்தற்ற பேரும் இல்லைத்தானே?”

“ஓம், இல்லை,” என்றேன்.

உண்மைதான். கோப்பின் பெயரில் ஆளின் பெயரை வைக்கக்கூடாது என்பது கந்தோரின் சட்டம். அதை மட்டும் அவள் மீறவில்லை. ஆனால் எழுதியவரின் பெயரைக் கணினி தானாகவே கோப்புக்குள் குறித்துவைக்கும். அது அந்த மேதைகள் இருவருக்கும் தெரியாது. என் மென்பொருள் அச்சடிக்கும் பட்டியலில் அதற்கென்று ‘எழுதியவர்’ என்று ஒரு நிரல் உண்டு. தானாக அச்சில் வராது; கட்டத்தில் சரி போட வேண்டும்.

நான் சரி போட்டேன். பக்கம் பக்கமாக, மேலிருந்து கீழ்வரை ஒரே பெயர் வந்தது. குலசிங்கம் பார்க்குமுன் உறையில் போட்டு அவர்களிடம் கொடுத்துவிட்டேன்.

அடுத்த நாள் அவள் பஸ்ஸை விட்டு இறங்கிய இடத்தில் மறித்து ஏற்றிக்கொண்டு போனார்கள். பிறகு ஒரு தகவலும் இல்லை. சும்மா விசாரித்துவிட்டு விடுவார்கள் என்று நினைத்தேன் என்று உங்களுக்குச் சொல்லலாம். அப்படி நினைக்கவில்லை. அவள் இனிச் சிரிக்கக்கூடாது என்றுதான் நினைத்தேன்.

சில நாளில் அவளுடைய புருஷன் கனகசுந்தரம் எங்கள் கந்தோருக்கே வந்து, பெண்சாதியைக் காணவில்லை என்று பதியச் சொல்லி அழுதார். தட்டச்சு செய்ய வேறு ஆள் இல்லை. நான்தான் உட்கார்ந்து அடித்தேன். மூன்று பிரதி இல்லை, கண்ட கண்ட பெயர் இல்லை. ஒரே கோப்பு, உரிய கோப்புறையில்.

போய்த் தேடிப் பாருங்கள், ஐயா. அங்கே உடனே கிடைப்பது அவளுடையது ஒன்றுதான்.