சிட்டுக்கு நடுவுல ஒரு கோடு

உங்க சார் குளிக்கவெல்லாம் இல்லம்மா. குழாயைத் திறந்து விட்டுட்டு உள்ள ஸ்டூல் போட்டு உக்காந்திருக்கார். நீ மேப்பைச் சுருட்டித் தோள்ல மாட்டிக்கிட்டு கேட்டைத் திறந்ததை ஜன்னல் வழியாப் பாத்தார், அவ்வளவுதான், டவலைத் தூக்கிட்டு ஓடிட்டார். ஆபீஸ்ல அத்தனை பேரை மேய்க்கிற மனுஷன்... உக்காரு. டேங்க்ல தண்ணி தீந்தா தானா வெளிய வருவார்.

அப்படி என்னதான் பெரிய வேலை இது, தெரியாமத்தான் கேக்கறேன். பூமிக்கு அடியில, ரெண்டு மூணு கிலோமீட்டர் ஆழத்துல, பாறையெல்லாம் போர்வை மடிச்சு வெச்ச மாதிரி அடுக்கடுக்காக் கிடக்குது. அதுல எங்கேயாவது லேசா முதுகு தூக்கியிருந்தா, அந்த முதுகுக்கு அடியில கேஸ் தங்கியிருக்குமாம். எவனும் கண்ணால பாத்ததில்லை. மேல இருந்து சத்தத்தை அனுப்பி, எதிரொலியைப் பிடிச்சு, இங்க மேடு, அங்க பள்ளம்னு வரைஞ்சுக்கிட்டே இருக்கறது. என் சமையல்கட்டுல இல்லாத பருப்பை இருக்குன்னு நான் சொன்னா யாராவது சம்பளம் தருவாங்களா?

வரைஞ்சதும் அந்த மேட்டுக்குப் பேர் வைக்கிறது வேற. கண்டுபிடிச்சவன்தான் வைக்கணுமாம். உங்க பழைய மேனேஜர் அவர் நாய் பேரை வெச்சார். அந்த நாய் இன்னிக்கு வரைக்கும் கேஸாக் கொட்டுது. பக்கத்து ரூம்காரர் மாமியார் பேரை வெச்சு நல்ல பேர் வாங்கப் பாத்தார். தோண்டினா வெறும் உப்புத்தண்ணி. அந்தம்மா அதுக்கப்புறம் மருமகன் முகத்துலயே முழிக்கலை. இவர்... சரி, அதை விடு. டீ போடட்டுமா? வேண்டாமா? நகத்தைக் கடிக்காதே.

இவருக்கு இது கடைசி வாய்ப்பும்மா. போன தடவை இவர் காட்டின இடத்துல தோண்டி ஒண்ணும் வரலை. எங்க துளை போடறதுன்னு நாளைக்கு மீட்டிங்ல முடிவு பண்றாங்க. இதுவும் காலின்னா, கல்லு சாம்பிள் கிடங்குக்குத் தூக்கிப் போட்டுருவாங்க. ரிட்டயர் ஆகற வரைக்கும் டப்பாவுக்கு லேபிள் ஒட்டிக்கிட்டு உக்காந்திருக்க வேண்டியதுதான். அது தெரிஞ்சும் இந்த மனுஷன் என்ன பண்றார்? சாப்பாட்டுத் தட்டு முன்னாடி உக்காந்து, "அவ முதுகை உடைச்சுட்டாங்க"ன்னு முனகறார். எவ முதுகைன்னு பதறிப்போய் நான் எங்க அக்காவுக்கு போனே பண்ணிட்டேன். அப்புறம் கேட்டா, மேடாம். யாரோ புதுசா வந்த பொண்ணு அது நடுவுல விரிசல் இருக்குன்னு கோடு போட்டுட்டாளாம். மேல மூடி மாதிரி இருக்கிற பாறையே பிளந்துடுச்சு, கிழக்குப் பக்கத்துல கேஸ் எப்பவோ கசிஞ்சு போயிருக்கும்னு சொல்றாளாம். பொடிசு, திமிர் பிடிச்சது, பென்சில் பிடிக்கத் தெரியுமான்னு இவர் ஆரம்பிச்சார். நானும் சேர்ந்து நாலு வார்த்தை...

ஏன் அப்படி முழிக்கிறே?

ஓ. நீதானா அது.

சரி, திட்டினது திட்டினதுதான். மேப்பை விரி. இந்தத் தட்டைத் தள்ளி வை. இதுவா அந்த முதுகு? அவிச்ச முட்டை மாதிரி இருக்கு. இந்தச் சிவப்புக் கோடுதானே நீ போட்டது? நிஜமாவே இருக்கா, இல்ல சாரை மட்டம் தட்டணும்னு போட்டியா? ...எல்லா சர்வேலயும் தெரியுதா? இவர்கிட்ட காட்டினியா? என்ன சொன்னார்? ...கண்ணாடியைத் துடைச்சாரா. அப்ப அவருக்கும் தெரியும். எங்க வீட்டுல அதுக்கு அதான் அர்த்தம். சரி, துளையை மேக்குப் பக்கமா நகர்த்தினா? ...அங்க மூடி உடையலையா? கேஸ் இருக்கலாமா? இவர் கையெழுத்துப் போட்டா நகர்த்திடலாமா? இவ்வளவுதானா விஷயம்!

மேல எழுதியிருக்கிற பேரைப் படி. சத்தமாப் படி.

சிட்டு. அது நான்தான். என் உடம்பைப் பாத்துச் சிரிக்காதே, கல்யாணமான புதுசுல வெச்ச பேர். என் பிறந்தநாள் ஒரு வருஷமாவது ஞாபகம் வந்ததுண்டா? ஒரு கைக்குட்டை தானா வாங்கித் தந்ததுண்டா? பூமிக்கு அடியில போய், யாருக்கும் தெரியாத இடமாப் பாத்து, என் பேரை எழுதி வெச்சிருக்கார். எழுதினதோட விட்டாரா? அது நடுவுல கோடு போட மனசு வரலைன்னு வேலையையே பலி குடுக்கப் பாக்கறார். பைத்தியக்காரத்தனத்துக்கும் ஒரு அளவு வேணும்.

ரப்பர் இருக்கா? அழி. என் பேர்தானே, நான் சொல்றேன், அழி. உங்க லிஸ்ட்ல இது எத்தனாவது மேடு? ...எட்டுன்னு நம்பர் போடு. இரு, மெதுவா... பேப்பர் கிழிஞ்சிடப் போகுது. போச்சா? ...சுத்தமாப் போச்சா.

ஏங்க, வெளிய வாங்க. இனிமே அது வெறும் எட்டாம் நம்பர். உடைஞ்சா என்ன, உடையாட்டா என்ன. கையெழுத்தைப் போட்டுட்டுப் போய் நிம்மதியாப் படுங்க.

வரார் பாரு. கோட்டைப் பாக்கறாரா பாரு... இல்ல, நம்பரைத்தான் பாக்கறார். ஏங்க, பேனா எதுக்கு? கையெழுத்து கீழங்க. அங்க என்ன எழுதறீங்க? மையில எழுதினா அப்புறம் அழியாதே...

அடக் கடவுளே. கோட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு எழுத்து, இந்தப் பக்கம் ரெண்டு எழுத்து. பேரைப் போட்டு, கோட்டையும் அப்படியே விட்டு, கீழ கையெழுத்தும் போட்டாச்சு. எழுத்தைப் பாரு, ஒரே கோணல். இவரையெல்லாம் எவன் படம் வரையற வேலைக்கு எடுத்தான்?

சுருட்டிக்கிட்டுக் கிளம்பும்மா, மறுபடியும் யோசிக்க ஆரம்பிச்சிடுவார். நாளைக்கு மீட்டிங்ல இவர் வாயைத் திறக்க மாட்டார், நீயே எழுந்து சொல்லிடு. சிட்டு நடுவுல உடைஞ்சிருக்கு, மேக்குப் பக்கம் கெட்டியா இருக்குன்னு. நல்லா சத்தமாவே சொல்லு. எனக்கு ஒண்ணும் வெக்கமில்லை.