ஜப்பான் பெட்டிக்கு ஒரு பொட்டு

வீடியோ கேம் விளையாட எனக்குச் சுத்தமாக வராது சார். மந்தைவெளியில் ஷரஃபுதீன் பாய் நடத்தும் கேம் கடையில் மெஷின் ரிப்பேர் பார்ப்பவன் நான். ஆட உட்கார்ந்தால் மூணாங்கிளாஸ் பொடியன்கூட என்னைத் தோற்கடிப்பான். எனக்கு வந்தது பேச்சு. லஸ் பிளாட்பாரத்தில் பழைய வெளிநாட்டுப் பத்திரிகைகளைப் பொறுக்கி வந்து, ஜப்பான்காரன் அடுத்து என்ன மெஷின் விடப்போகிறான் என்று சனிக்கிழமை சாயந்திரம் கடை வாசலில் சொல்வேன். "பாலு அண்ணே, அடுத்து இன்னா வருது?" என்று பையன்கள் சுற்றி நிற்பார்கள். குடும்பம் குட்டி இல்லாதவனுக்கு அதுவே பெரிய மரியாதை.

ஸ்ரீநாத்தும் அப்படி நின்று கேட்டவன்தான். ராஜா அண்ணாமலைபுரத்துப் பையன், காலேஜ் முதல் வருஷம். தொண்ணூற்று நாலில், ஜப்பானில் வேலையாயிருந்த அவன் சித்தப்பா ஒரு வீடியோ கேசட் அனுப்பினார். மெஷின் கம்பெனிக்காரர்கள் நிருபர்களைக் கூட்டி மேடையில் பேசியது அதில் இருந்தது. ஸ்ரீநாத் அதைப் பாய் கடை டிவியில் போட்டான். புது மெஷினிலும் பழையபடி மேலே சொருகுகிற கார்ட்ரிட்ஜ்தான் வரும் என்று நான் அடித்துச் சொல்லியிருந்தேன். மேடையில் ஒருவன் சிரித்தபடி சிடியைத் தூக்கிக் காட்டினான்.

"இன்னாண்ணே, இத்தினி நாளா ரீல் வுட்டுக்கினு இருந்தியா?" என்றான் ஒரு பையன். ஸ்ரீநாத் சிரிக்கவில்லை. "பாவம்டா, அவருக்குப் பழைய புக்குதானே கெடைக்கறது" என்றான். கேலி செய்திருந்தால்கூடப் பொறுத்திருப்பேன். அடுத்த சனிக்கிழமை கூட்டம் அவனைச் சுற்றி நின்றது. நான் உள்ளே ஜாய்ஸ்டிக்கைக் கழற்றிக்கொண்டிருந்தேன். வயிறு பற்றி எரிந்தது சார், மறைப்பானேன்.

பிறகு அந்த மெஷினே அவன் வீட்டுக்கு வந்து இறங்கியது. ஜப்பானில் நூறு வோல்ட். நம் கரண்டில் நேரே சொருகினால் புகைந்துவிடும். "அண்ணா, ஸ்டெப்-டவுன் பண்ணித் தருவேளா?" என்று என்னிடம்தான் வந்தான். கரண்டைக் குறைக்கும் அந்தப் பெட்டியைத் தகரத்தில் செய்து கொடுத்தேன். வெள்ளிக்கிழமை நல்ல நாள், அன்றைக்கு ஆரம்பி என்றேன். சுவிட்சைப் போட்டதும் நீ டிவி பக்கமே நில், படம் சரியாக வருகிறதா பார் என்றும் சொல்லி அனுப்பினேன்.

முந்தின வருஷம் அவர்கள் வீட்டு ஃபிரிட்ஜுக்கு லைன் இழுத்தவனும் நான்தான். அன்றும் வெள்ளிக்கிழமை. அவன் அம்மா விஜயலக்ஷ்மி மாமி ஹாலை அலம்பிவிட்டு, ஈரக் காலோடு சந்தனக் கிண்ணத்தை எடுத்து வந்தார். "லைட் எரியறதோல்லியோ? எரிஞ்சப்பறம்தான் பொட்டு வெக்கணும்" என்று, குழைத்த சந்தனத்தை ஃபிரிட்ஜ் கதவில் வைத்தார். அந்த வீட்டில் புதுசாக எது வந்தாலும் அவர் கைதான் முதலில் படும். எனக்கும் காபி கொடுத்தார். நல்ல டிகாக்‌ஷன்.

பெட்டிக்குள் கரண்ட் வயரைத் தகரத்தோடு சேர்த்துவைத்தது நான்தான். சந்தனக் கையோடு அதைத் தொட்ட மாமி எழுந்திருக்கவில்லை.

காரியமெல்லாம் முடிந்து மொட்டைத் தலையோடு ஸ்ரீநாத் கடைக்கு வந்தான். என் தோளில் சாய்ந்து அழுதான். மெஷினைப் பற்றி இப்போது வாயே திறப்பதில்லை. சனிக்கிழமைகளில் பையன்கள் மறுபடி என்னிடம்தான் கேட்கிறார்கள். அவனும் ஓரமாக நின்று கேட்கிறான்.

அவனைக் கொல்லப் பார்த்தேன் என்று மட்டும் எழுதிவிடாதீர்கள் சார். அந்தப் பிள்ளைமேல் ஒரு கீறல்கூட விழக்கூடாது என்று பார்த்துப் பார்த்துத்தான் எல்லாம் செய்தேன்.