இயந்திரத்தின் நற்பெயர்

முடிக்கு மை பூசும் பழக்கம் எனக்கு இல்லை, சேர். அன்று பத்திரிகைப் படத்துக்காகத்தான் ஓட்டமாவடியில் ஸாஹிரின் சலூனில் போய் உட்கார்ந்தேன். அவர் காதுக்கும் சேர்த்துப் பூசிவிட்டார். படத்தைப் பார்த்தால் தெரியும்.

நான் ஒரு தனியார் கண் வைத்தியசாலையில் மருந்துப் பரிசோதகன். சொட்டு மருந்தை அங்கேயே தயாரிக்கிறார்கள். அதில் பற்றீரியாக் கிருமி இருக்கிறதா என்று பழைய முறையில் பார்த்தால் நாட்கணக்காகும். நான் பொருத்திய இயந்திரம் மருந்துக்குள் ஒளியைப் பாய்ச்சி, சிதறி வருகிற நிறமாலையைப் படித்து, தேநீர் ஆறுவதற்குள் சொல்லிவிடும். சுத்தமென்றால் பச்சை எரியும், இல்லையென்றால் சிவப்பு.

சிக்கல் என்னவென்றால், மருந்து தயாரிக்கிற தாதி ஸைனம்பு அநியாயத்துக்குச் சுத்தமானவர். இரண்டு வருடமாக ஒரே பச்சை. "அது என்ன, எந்நேரமும் எரியிற குசினி லைற்றா?" என்று என் மனைவியே கேட்டாள். டொக்டர் கலாஜினி மரியாதையாகத்தான் சொன்னார்: "நல்லத நல்லதெண்டு சொல்ல மெசின் எதுக்கு? கெட்டதையும் ஒருக்காக் காட்டட்டும். இல்லாட்டிக் கழட்டி வைப்பம்."

நியாயமான பேச்சு. ஆகவே முந்தின நாள் மாலை, ஒப்பிட்டுப் பார்க்கவென்று நான் வளர்த்து வைத்திருந்த பற்றீரியாவில் கொஞ்சத்தை, மறுநாளைக்கான போத்தல் ஒன்றில் கலந்தேன். காலையில் பத்திரிகை நிருபரை வரவழைத்து, அவருக்கு முன்னால் நானே அதைக் கண்டுபிடிப்பதாக ஏற்பாடு. யாருக்கும் கெடுதல் இல்லாத ஏற்பாடு. மை காய நேரமெடுக்கும் என்பதை மட்டும் யோசிக்கவில்லை.

நான் போய்ச் சேர்ந்தபோது, பனிச்சங்கேணியிலிருந்து வந்து, கண்ணில் வளர்ந்த வெண்படலத்தை வெட்டி எடுத்திருந்த அன்னப்பூரணி அம்மா கட்டிலில் படுத்திருந்தார். ஸைனம்பு அந்தப் போத்தலை அவர் கண்ணுக்கு மேலே பிடித்திருந்தார்.

"சேரப் பாத்துப் பாத்து நேரம் போயித்து. டொக்டர் சொட்டு விடச் சொல்லிட்டா" என்றார் ஸைனம்பு.

சொட்டு இன்னும் விழவில்லை.

நிறுத்தச் சொல்லியிருக்கலாம். ஆனால் எப்படித் தெரியும் என்று கேட்பார்களே. இயந்திரத்தில் வைக்காத மருந்தைக் கெட்டதென்று சொல்வது விஞ்ஞானமா, சேர்? நிருபரும் வாசலுக்கு வந்துவிட்டார். நான் காதைத் துடைத்துக்கொண்டேன்.

"குளுகுளுண்டு கிடக்கு மகள்" என்றார் அன்னப்பூரணி அம்மா.

பிறகு போத்தலை வாங்கி வைத்தேன். சிவப்பு எரிந்தது. படம் எடுத்தார்கள். உடனே கண்ணைக் கழுவினார்கள்தான். ஆனாலும் ஒரு கிழமைக்குள் அந்தக் கண்ணையே எடுக்க வேண்டியதாயிற்று. பார்க்கப் போனேன். "நீங்க கண்டுபிடிக்காட்டி இன்னும் எத்தின பேர்ர கண் போயிருக்கும், தம்பி" என்று கையைப் பிடித்துக்கொண்டார். மகனிடம் வாவி நண்டு கொடுத்தனுப்பினார். நல்ல சதைப்பிடிப்பான நண்டு.

ஸைனம்புவை வேலையால் நிறுத்தினார்கள். நான் பேசவில்லை. விசாரணை நடக்கும்போது குறுக்கிடுவது அழகல்ல.

ஆனால் விசாரணைக் குழு என்ன முடிவுக்கு வந்தது, தெரியுமா? ஸைனம்புவின் மருந்து பல நாளாகவே கெட்டிருந்ததாம். என் இயந்திரம் அத்தனை நாளும் பொய்ப் பச்சை காட்டியதாம். இதை எப்படிப் பொறுப்பது? அதனால்தான் நானாகவே பொலிசுக்கு வந்தேன்.

எழுதிக்கொள்ளுங்கள். கலந்தது நான்தான். சொட்டு விழுவதைப் பார்த்துக்கொண்டு நின்றதும் நான்தான். அதற்கு முன் மருந்து சுத்தம். ஸைனம்புவுக்கும் இது உதவக்கூடும், நல்லது. இயந்திரம் ஒருநாளும் பொய் சொன்னதில்லை என்பதை மட்டும் கொஞ்சம் மேலே, எல்லோருக்கும் தெரிகிற மாதிரி எழுதுங்கள், சேர்.