இருக்கையில் அமைதியாக இருக்கவும்

எனக்குச் சினிமா பிடிக்காது, ஐயா. முப்பத்தொரு வருஷம் படம் ஓட்டியவன் இப்படிச் சொன்னால் சிரிப்பீர்கள். மிட்டாய்க் கடைக்காரன் மிட்டாயா தின்கிறான்?

நாலாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். அதற்குமேல் எனக்குத் தெரிந்ததெல்லாம் ஆபரேட்டர் அறையின் சின்ன ஜன்னல் வழியாகப் பார்த்ததுதான். அதில் திரையும் தெரியும், ஜனங்களின் பின்மண்டையும் தெரியும். நான் பின்மண்டைகளைத்தான் அதிகம் பார்த்தேன்.

எதிர்காலத்தைக் காட்டுகிறோம் என்று சில படங்கள் வரும். நான் கடைசியாக ஓட்டிய படமும் அப்படித்தான். வீட்டுக்கு வீடு சுவர் அளவுக்குத் திரை. அது தின்னச் சொன்னால் தின்பார்கள், தூங்கச் சொன்னால் தூங்குவார்கள், பக்கத்து வீட்டுக்காரனைக் காட்டிக்கொடு என்றால் அதையும் செய்வார்கள். கடைசியில் ஒருத்தன் திரையை உடைப்பான். அரங்கமே எழுந்து கை தட்டும். பொய் சொல்வானேன், முதல் நாள் நானும் தட்டினேன்.

கை தட்டிய சூடு ஆறுவதற்குள் 'இடது வாசல் வழியாக வெளியேறவும்' என்று ஸ்லைடு போடுவேன். கண்ணாடித் துண்டில் மையால் எழுதியது; படத்தின் அடியில் எழுத்து விழும். உடனே அத்தனை பேரும் இடது வாசலில் முட்டி மோதுவார்கள். வலது வாசல் திறந்தே ஈ ஓட்டிக்கொண்டு கிடக்கும். நாளுக்கு நாலு காட்சி, ஐந்து வாரம். ஒரு பயல் அந்தப் பக்கம் திரும்பவில்லை. திரையை உடைத்தவனுக்குக் கை தட்டிய அதே கூட்டம், ஐயா.

வாசலில் டிக்கெட் கிழிப்பவன் என் மச்சினன், மனைவியின் தம்பி. நான் சேர்த்துவிட்ட வேலை. கேண்டீனில் அவனிடம் புலம்பினேன்.

"மாமா, அவசரம்னா எவன் உங்க ஸ்லைடப் பாப்பான்? காலு தானா ஓடும்."

"ஓடாதுடா. உக்காருன்னு எழுதிப் போட்டா உக்காந்தே வெந்துபோவான்."

"ஆமா, நாலு ரீல் சுத்திட்டு நாட்டையே கரைச்சுக் குடிச்சிட்டாரு எங்க மாமா!"

கேண்டீன் அக்காவுக்குச் சிரிப்பில் டீ புரையேறியது. அன்றிலிருந்து எனக்குப் பெயர் விஞ்ஞானி. "விஞ்ஞானி வந்தாச்சு, கதவத் திறங்கடா" என்பான். நான் கோபப்படவில்லை. காட்டிவிட்டால் போச்சு என்று இருந்தேன்.

ஐந்தாவது வாரம் ஒரு நாள், இடைவேளையில் திரைக்குப் பின்னால் போய், இரும்பு வாளியில் கங்கு போட்டு மேலே ஈரச்சாக்கை வைத்தேன். எனக்குப் புகை மட்டும் போதும். படம் ஓடும்போது போட்டிருக்கும் வலது வாசல் தாழ்ப்பாளையும் நானே நீக்கி வைத்தேன்; அதை எழுதிக்கொள்ளுங்கள். ஸ்லைடு மூன்று நாள் முன்பே எழுதியது. கையெழுத்து நன்றாக இருக்கிறதென்று நீங்களே சொன்னீர்கள்.

அரங்கில் புகை எழுந்தால் முதலில் தெரிவது ஆபரேட்டருக்குத்தான். ஒளிக்கற்றையில் சுருள் சுருளாக வரும். சிலர் இருமினார்கள், சிலர் பாதி எழுந்தார்கள். ஸ்லைடைச் செருகினேன். 'காட்சிக்காகப் புகை விடப்படுகிறது. இருக்கையில் அமைதியாக இருக்கவும்.' எழுந்தவர்கள் உட்கார்ந்தார்கள். ஒருத்தர் கைகூடத் தட்டினார்.

வாளிக்குப் பக்கத்தில் பழைய இருக்கைகளின் பஞ்சு குவிந்து கிடந்தது. தெரியாது என்று சொல்ல மாட்டேன். அப்போது அது நினைவுக்கு வரவில்லை. திரையின் ஓரம் சிவந்தது. ஸ்லைடை உருவியிருக்கலாம். வேறு எழுதியும் போட்டிருக்கலாம், மையும் கண்ணாடியும் கையெட்டும் தூரத்தில்தான் இருந்தன. நான் எழுந்திருங்கடா, எழுந்திருங்கடா என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். அவர்களாக எழ வேண்டும், ஐயா. நான் சொல்லி எழுந்தால் அதில் என்ன இருக்கிறது?

அவர்கள் எழுந்தபோது பாதித் திரை இல்லை. அப்போதும் எல்லாரும் இடது வாசலுக்குத்தான் ஓடினார்கள். பதினோரு பிணம். வலது வாசல் திறந்தே இருந்தது.

பதினோராவது ஆள் என் மச்சினன். கேண்டீன் அக்கா உங்களிடம் கொடுத்த வாக்குமூலத்தை எனக்கு இரண்டு முறை வாசித்துக் காட்டினீர்கள். "அவன்தான் வரிசை வரிசையா போயி, 'எங்க மாமா போட்ட ஸ்லைடு, அவரு விவரம் இல்லாம போடமாட்டாரு, உக்காருங்க'ன்னு உக்கார வச்சான்." நான் அழுவேன் என்று பார்த்தீர்கள் போலிருக்கிறது. அவன் வாதத்தில் தோற்றான், அவ்வளவுதான். அவனும் எழுத்தைத்தான் நம்பினான். ஆடு கசாப்புக்காரனைத்தானே நம்பும்?

இறங்கி வந்து ஒரு குரல் கொடுத்திருக்கலாமே என்கிறீர்கள். பன்னிரண்டு படிதான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் என் அறைக் கதவில் முதலாளி ஒரு பலகை மாட்டியிருக்கிறார், போய்ப் பாருங்கள். 'படம் ஓடும்போது ஆபரேட்டர் அறையை விட்டு வெளியேறக் கூடாது.' திரை எரிந்து விழுந்த பிறகும் ரீல் ஓடிக்கொண்டுதான் இருந்தது, ஐயா. முப்பத்தொரு வருஷத்தில் அந்தப் பலகையை நான் ஒரு நாளும் மீறியதில்லை.