அறுபதில் ஓடிய தீர்ப்பு

மேடையின் நடுவே, தாம் விற்ற நாற்காலியில் தாமே அமர்ந்து அதன் தரத்துக்குத் தாமே சான்றாக விளங்கும் எங்கள் இணைய விளையாட்டாளர் சங்கத் தலைவர் அவர்களே! மருந்துக் கடையில் இருபது ஆண்டுகளாக எவர் கையெழுத்தையும் பிழையின்றிப் படித்துவிடும் பொருளாளர் அம்மையார் அவர்களே! "விளையாட்டெல்லாம் ஒரு வேலையா?" என்று கேட்டுவிட்டு, இருக்கிற வேலையை விட்டுவிட்டு வந்து முன்வரிசையில் அமர்ந்திருக்கும் பெரியோர்களே! பிள்ளை எப்போது திரையை விட்டு எழுவான் என்று கதவோரம் நின்று நின்று கால் கடுத்த தாய்மார்களே! பிள்ளை என்ற இடத்தில் கணவன் என்று சொல்லிக்கொள்ள வேண்டிய சகோதரிகளே! கழுத்தில் ஹெட்செட்டோடு, கேட்பவர்களைப் போலவே அமர்ந்திருக்கும் என் சக வீரர்களே! கண்ணாடிக் கடையில் கண் பரிசோதித்துப் பிழைக்கும் இந்தச் செயலாளரின் மாலை வணக்கம்.

மாடியில் இருபத்து நான்கு புதிய அதிவேகத் திரைகள் காத்திருக்கின்றன. வாசலில் ரிப்பன் கட்டியாயிற்று. கத்தரிக்கோல் தட்டில் இருக்கிறது. அது வெட்டும் வரை, 'அதிவேகத் திரைகள் இணைய விளையாட்டை மேம்படுத்துமா?' என்ற தலைப்பில் கால் மணி நேரம் பேசும்படி எனக்குக் கட்டளை. 'மேம்படுத்தும்' என்று முடிக்கும்படி தலைவர் முன்கூட்டியே கேட்டுக்கொண்டார். கவலை வேண்டாம் தலைவரே, அப்படித்தான் முடிக்கப் போகிறேன்.

ஆனால் என் சட்டைப் பையில் ஒரு தாள் இருக்கிறது. அதற்கு நாளை நண்பகல் வரைதான் உயிர். அதையும் சேர்த்தே பேச வேண்டியிருக்கிறது.

தாய்மார்களுக்காக ஒரு சொல். திரையில் ஓடுவது ஓட்டமல்ல. ஒன்றன்பின் ஒன்றாக வரும் படங்கள். சாதாரணத் திரை ஒரு நொடிக்கு அறுபது படம் காட்டும். அதிவேகத் திரை நூற்று நாற்பத்து நான்கு காட்டும். எதிரி சுவருக்குப் பின்னாலிருந்து தலையை நீட்டினால், அதிகப் படம் காட்டும் திரை கொஞ்சம் முன்னதாகக் காட்டும். எவ்வளவு முன்னதாக? நீங்கள் இமைக்கும் நேரத்தில் பத்தில் ஒரு பங்கு. அந்தப் பங்குக்காகத்தான் உங்கள் வீட்டில் இத்தனை சண்டை.

இனி என் தொழிலுக்கு வருகிறேன். என் தொழிலில் ஒரே ஒரு கேள்விதான். லென்ஸை மாற்றி மாற்றிப் போட்டு, "இது தெளிவா, அது தெளிவா?" என்று கேட்பேன். இன்று ஒரு தொழில் ரகசியத்தை உடைக்கிறேன். சில சமயம் பவர் எதுவுமே இல்லாத வெறும் கண்ணாடியைப் போட்டுப் பார்ப்பேன். பத்துப் பேரில் ஆறு பேர், "ஆங், இப்பத்தான் தெளிவா இருக்கு" என்பார்கள். அவர்கள் பொய்யர்களா? இல்லை. புதிதாக ஒன்று வந்துவிட்டால் தெளிவும் கூடவே வந்திருக்க வேண்டும் என்று நம்புகிறவர்கள். பின்வரிசையில் சிரிக்கும் அன்பரே, உங்களுக்கும் போட்டிருக்கிறேன்.

இந்த ரகசியம் தெரிந்த ஒரே ஆள் நம் சங்கத்தில் நான்தான். அதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். நான் வைத்துக்கொள்ளவில்லை.

நம்மிடையே ஒருவர் இருந்தார். நாம் வைத்த பெயர் 'அறுபது'. வயதல்ல, வயது முப்பத்து நான்கு. நாம் எல்லாரும் அதிவேகத் திரைக்கு மாறிய பிறகும் பழைய அறுபது படத் திரையிலேயே ஆடியதால் வந்த பெயர். ஒரு பெரிய சரக்குக் கிடங்கின் கண்காணிப்பு அறையில் வேலை. பதினாறு கேமராக்களின் படங்களை எட்டு மணி நேரம் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். அந்தக் கேமராக்கள் நொடிக்குப் பதினைந்து படம்தான் காட்டும். பெட்டியைத் திருடுபவன் ஒரு படத்தில் கையை நீட்டுவான்; அடுத்த படத்தில் கை சட்டைக்குள் இருக்கும். நடுவில் நடந்ததைத் திரை காட்டாது. அதற்குத்தான் இவருக்குச் சம்பளம்.

ஒன்றரை ஆண்டுக்கு முன், இதே அரங்கில், இறுதிப் போட்டி. திரையில் ஓர் இடிந்த தொழிற்சாலை. இரண்டு சுவர்களுக்கு நடுவே ஓர் ஆள் அகல இடைவெளி. தலைவரின் மருமகன் அதைத் தாண்டி ஓடினார். ஓடத் தொடங்கினார் என்பதே சரி. தோள் வெளியே தெரிந்ததோடு சரி, எதிர்ச் சுவரை அடையவில்லை. அறுபது சுட்டுவிட்டார். கோப்பை அவர் அணிக்கு.

மறுநாள் விசாரணைக் குழு. தலைவர், பொருளாளர், நான். அறுபது 'ஹேக்' போட்டுவிட்டார், சுவருக்குப் பின்னால் இருப்பவரைக் காட்டும் கள்ள நிரலை வைத்து ஆடினார் என்பது குற்றச்சாட்டு. அவர் கணினியைத் துருவினோம். எதுவும் இல்லை. இல்லாததால் சந்தேகம் இன்னும் கூடியது. 'தடயமே விடாத அளவுக்குத் தேர்ந்த கை' என்று குறிப்பேட்டில் எழுதினோம். எழுதியவன் நான். கையெழுத்து அழகாக இருக்கும் என்பதற்காக.

எப்படித் தெரிந்தது என்று அவரைக் கேட்டோம். அவர் சொன்னது எனக்கு இன்றும் வரிக்கு வரி நினைவிருக்கிறது. "அவரு ரெண்டு தடவ எட்டிப் பாத்தாருண்ணே. மூணாவது தடவ பாக்கல. பாக்கறத நிறுத்திட்டான்னா ஓடப் போறான்னு அர்த்தம். தினம் பாக்கறேன். பதினஞ்சு படத்துல பாக்கறவனுக்கு, நடுவுல என்ன நடக்குதுன்னு தெரிஞ்சே ஆகணும்ணே."

இதை யார் ஏற்பது? அவரிடம் அனுபவம் இருந்தது. என்னிடம் அறிவியல் இருந்தது. "அதிவேகத் திரையில் ஆடும் எனக்கே அந்தத் தோள் மின்னல் போலத்தான் தெரிந்தது. அறுபது படத் திரையில் அது மனிதக் கண்ணுக்குப் பிடிபடாது" என்று, கண் பரிசோதகன் என்ற முறையில் எழுதிக் கையொப்பமிட்டேன். தலைவரும் பொருளாளரும் ஆட்டப் பதிவைத் தங்கள் அதிவேகத் திரைகளில் பார்த்து அதையே உறுதி செய்தார்கள். மூன்று கையொப்பம். 'அவர் ஏமாற்றினார், சங்கத்திலிருந்து நீக்கம்' என்ற தீர்ப்பை இதே ஒலிபெருக்கியில் வாசித்தேன். நீங்கள் கைதட்டினீர்கள். நன்றாகவே தட்டினீர்கள். கோப்பை மருமகனுக்குப் போனது. இதோ, இந்த மேசையில் பூச்செண்டுக்குப் பின்னால் நிற்கிறதே, அதே கோப்பை.

அத்தோடு முடிந்ததா? விளையாட்டு, விளையாட்டோடு போயிற்றா? தலைவர் அந்தக் கிடங்கு அலுவலகத்துக்கு நாற்காலி கொடுப்பவர். போகிற போக்கில், நல்லெண்ணத்தோடு, நம் தீர்ப்பின் நகல் ஒன்றையும் மேலாளரிடம் கொடுத்துவிட்டு வந்தார். மேலாளர் படித்தார். "கேம்ல ஏமாத்துறவன் கேமராவுல ஏமாத்த மாட்டானா?" என்று கேட்டார். பதிலுக்கு அவர் காத்திருக்கவில்லை. அறுபதைக் கண்காணிப்பு அறையிலிருந்து இறக்கி, சரக்கு ஏற்றும் தளத்துக்கு அனுப்பினார். ஒன்றரை ஆண்டாக அவர் பெட்டி சுமக்கிறார். எந்தக் கேமராக்களைப் பார்த்தாரோ, அதே கேமராக்களின் கீழே.

தலைவர் ஒரு சீட்டு அனுப்பியிருக்கிறார். வாசிக்கிறேன்: 'திரையைப் பற்றிப் பேசவும்.' இதோ, திரைக்கே வருகிறேன்.

போன மாதம், கடையில் நான் ஆடும் திரை கண் சிமிட்டத் தொடங்கியது. கேபிள் மாற்ற ஒரு டெக்னீஷியன் வந்தார். எதையோ தட்டிப் பார்த்தார். திரும்பி, என் கடைப் பலகையையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். "சார், வாங்கினதுலருந்து அறுபதுலயே ஓட்டிட்டு இருக்கீங்களே. செட்டிங்க்ஸ்ல மாத்தணும் சார். கண்ணுக்கு எதுவும் தெரியலையா?"

கேட்டீர்களா? அதிவேகத் திரையை வாங்கினால் மட்டும் போதாதாம். 'வேகமாக ஓடு' என்று அதற்குச் சொல்ல வேண்டுமாம். சொல்லும் வரை அது அறுபதிலேயே இருக்குமாம். இரண்டு ஆண்டுகள் அறுபதில் ஆடிவிட்டு, "வெண்ணெய் மாதிரி வழுக்குது" என்று ஊரெல்லாம் சொன்னவன் நான். வெறும் கண்ணாடி போட்டவனுக்கு யாரோ வெறும் கண்ணாடி போட்டுவிட்டார்கள். யாரோ என்ன, நானே போட்டுக்கொண்டேன்.

பொருளாளர் வீட்டுக்குப் போனேன். அங்கும் அறுபது. அம்மையார் திரையருகே வந்து அந்த எண்ணைத் தாமே படித்தார். பிறகு, "தப்பான மாத்திரையக் குடுத்துட்டோம். திரும்ப வாங்கியே ஆகணும்" என்றார். அவ்வளவுதான். என் பையிலிருக்கும் தாளில் முதலில் கையொப்பமிட்டவர் அவர்.

தலைவர் வீட்டுக்கும் போனேன். அங்கும் அறுபதுதான். சொன்னேன். அவர் தளரவில்லை. "என் திரை எவ்வளவுல ஓடுனா என்னய்யா? நான் எவ்வளவுல பாத்தேங்கிறதுதான் முக்கியம்" என்றார். நான் படித்த கண் பாடத்தில் இது இல்லை.

ஆக, விசாரணைக் குழுவில் மூன்று அறுபதுகள் உட்கார்ந்து, நான்காவது அறுபதை, அறுபதில் தெரியாது என்பதற்காகத் தண்டித்தோம்.

என் திரையை உண்மையான வேகத்துக்கு மாற்றி மூன்று வாரம் ஆடினேன். மேம்பட்டேனா? தலைப்பு அதுவல்லவா, சொல்லத்தானே வேண்டும். முன்பு மங்கலாகச் செத்தேன். இப்போது தெளிவாகச் சாகிறேன். என்னைச் சுடுபவரின் சட்டைப் பொத்தான் வரை தெரிகிறது. கை மட்டும் அங்கேயே இருக்கிறது.

பிறகு அந்தத் திரையைத் தூக்கிக்கொண்டு அறுபதின் வீட்டுக்குப் போனேன். ஒற்றை அறை. துணி காயும் கயிற்றுக்குக் கீழே அவர் மனைவி எனக்கு ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டார். "உக்காருங்கண்ணே. இந்தத் தடவ எதுல கையெழுத்துப் போட வந்திருக்கீங்க?" என்றார். குரலை உயர்த்தவில்லை. நான் உட்காரவில்லை.

அறுபது திரையை மாட்டினார். முதல் வேலையாக செட்டிங்க்ஸைத் திறந்து வேகத்தைச் சரிபார்த்தார். நமக்கு இரண்டு ஆண்டு ஆனது; அவருக்கு அரை நிமிடம். ஒன்றரை ஆண்டாக மவுஸைத் தொடாத கை. பெட்டிக் கயிறு அறுத்து, இரண்டு விரலில் பிளாஸ்திரி. ஒரே ஒரு சுற்று ஆடினார். நான் பின்னால் நின்றேன். எதிரிகள் எங்கிருந்து வருகிறார்கள் என்று எனக்குத் தெரியும் முன்பே அவர்கள் விழுந்து கிடந்தார்கள். அவர் முன்பு ஆடியதைவிடச் சிறப்பாக ஆடினார். என் ஆயுளில் அப்படி ஓர் ஆட்டம் பார்த்ததில்லை.

எனவே தலைவரே, நீங்கள் கேட்டபடியே முடிக்கிறேன். மேம்படுத்தும்! அதிவேகத் திரை ஆட்டத்தை மேம்படுத்தும்! பார்க்கத் தெரிந்தவன் ஆட்டத்தை மேம்படுத்தும்! இந்தச் சங்கத்தில் அந்தத் திரையால் பயன்பெறக்கூடிய கண் ஒரு ஜோடிதான் இருந்தது. அந்த ஒரு ஜோடியைத்தான் வெளியே தள்ளிவிட்டு, இருபத்து நான்கு திரை வாங்கி வைத்திருக்கிறோம்.

ஆடி முடித்ததும் அவர் கேபிளைக் கழற்றிச் சுற்றி என் கையில் வைத்தார். "இத எடுத்துட்டுப் போங்கண்ணே. எனக்கு ஒரு தாள் போதும்."

அதுதான் இந்தத் தாள். கண்காணிப்பு அறையில் ஓர் இடம் காலியாகியிருக்கிறது. நாளை நண்பகலோடு பட்டியல் மூடப்படும். மேலாளர் சொல்லிவிட்டார்: குற்றம் சொல்லி மூவர் கையொப்பமிட்டீர்கள், அதே மூவர் திரும்பப் பெற்றால் பரிசீலிக்கிறேன். 'எங்கள் தீர்ப்பு தவறு. அவர் ஏமாற்றவில்லை.' இரண்டே வரி. அம்மையார் கையொப்பம் இருக்கிறது. என்னுடையது இருக்கிறது. மூன்றாவது இடம் இரண்டு வாரமாகக் காலி.

தலைவரே, உங்கள் வீட்டில் கேட்டேன், கடையில் கேட்டேன், இன்று மேடையில் கேட்கிறேன். பேனாவைத் திறந்தே வைத்திருக்கிறேன்.

…

தலைவர் எழுந்திருக்கிறார். வாசல் வரை வழிவிடுங்கள். மருமகனே, மாமாவுக்குப் படிக்கட்டில் கை கொடுங்கள். விளக்கு மங்கலாக இருக்கிறது. கோப்பையை மறந்துவிட்டீர்கள். சரி, பரவாயில்லை, இங்கேயே இருக்கட்டும்.

யாரும் கூச்சலிட வேண்டாம். அவரைத் திட்டுவதற்கு நமக்கு என்ன உரிமை? அன்று அவர் போட்டது ஒரு கையொப்பம். தீர்ப்பை வாசித்தபோது கைதட்டியவர்கள் எத்தனை பேர்? வருகைப் பதிவேடு என்னிடம் இருக்கிறது. நூற்றுப் பன்னிரண்டு பேர். யார் திரை எந்த வேகத்தில் ஓடியது என்று அன்று ஒருவராவது கேட்டோமா? இன்று வீட்டுக்குப் போய்ப் பாருங்கள். நூற்றுப் பன்னிரண்டு வீட்டில் எத்தனை அறுபது இருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள்.

சங்க விதி ஒன்று சொல்கிறது: தலைவருக்கும் மேலே பொதுக்குழு. பொதுக்குழு என்றால் யார்? நீங்கள்தான். மூன்றாவது இடம் ஒருவருக்கான இடம். நூற்றுப் பன்னிரண்டு பெயருக்கு இடம் போதாது. தாளின் பின்பக்கம் காலியாக இருக்கிறது. மேலாளர் இதை ஏற்பாரா? எனக்குத் தெரியாது. ஏற்காமல் போகலாம். அவர் கேட்டது தலைவரின் கையொப்பத்தை. ஏற்பார் என்று சொல்லி உங்களைத் தேற்றினால், இன்னொரு வெறும் கண்ணாடியைப் போடுகிறேன் என்று அர்த்தம்.

ஆனாலும் தாள் இதோ கீழே வருகிறது. முன்வரிசையிலிருந்து தொடங்குங்கள். பேனா ஒன்றுதான், பொறுமையாக வாங்கிப் போடுங்கள். ரிப்பன் அப்புறம். கைதட்ட வேண்டாம். அன்று தட்டிய கைகள் இன்று எழுதட்டும்.

என்னைப் பேச அழைத்த சங்கத்துக்கும், பாதியில் எழுந்து போகாமல் இருந்த அனைவருக்கும், முதல் ஆளாகக் கையொப்பமிட்ட பொருளாளர் அம்மையாருக்கும் நன்றி. காலியாக இருக்கும் தலைமை நாற்காலிக்கும் நன்றி, தரமான நாற்காலி. இந்நேரம் கிடங்கில் மாலைப் பணி. பதினாறு கேமராக்களில் ஏதோ ஒன்றின் கீழே, நொடிக்குப் பதினைந்து படமாக, தோளில் பெட்டியோடு ஒருவர் நடந்துகொண்டிருக்கிறார். நடுவில் விடுபட்டவற்றைப் பார்க்கத் தெரிந்தவர் அந்த அறையில் இப்போது யாரும் இல்லை.

அவருக்கு என் வணக்கம்.